தாய் எண்

மார்கழி மழை. டெங்குக் காலம்.
கந்தர்மடத்துத் தனியார் ஆஸ்பத்திரியின் பின்னறையில்
சேர்வருக்கு ஏசி, எனக்குச் சுவெற்றர்.
இரவு இரண்டு நாற்பது.
மேல்மாடியில் பதினொரு பேரின் இரத்த அறிக்கை
அச்சுக்கு வராமல் நிற்கிறது.

கட்டளை அடிக்கிறேன்.
கறுப்புத் திரையில் மரம் விழுகிறது,
வேர் மேலே, கிளைகள் வலப்பக்கம் சரிந்து,
கோடும் கோணலுமாய்.
உச்சியில் ஒன்று. எல்லாம் அதன் வயிறு.
கீழே தரவுத்தளம், அதற்கு எட்டுப் பிள்ளை,
வேலை வராமல் உறங்குகின்றன.
ஓரத்தில் என் ஷெல்.
அதன் நுனியில், மரத்தைப் பார்க்கிற கட்டளையே
ஒரு தளிராய்.
பார்த்து முடிய உதிரும்.

அச்சின் பிள்ளைகள் கடைசியில்.
ஏழில் ஆறுக்கு உயிர் இல்லை.

தேத்தண்ணியோடு வந்த காவலாளி அமிர்தநாதர்
தோளுக்கு மேலால் குனிந்தார்.
"உதென்ன பிள்ளை, வம்சமரமோ?"
ஓம், அப்படித்தான்.
"உந்த அடைப்புக்குறிக்குள்ள கிடக்கிறது?"
செத்தது.
"பிறகேன் பேர் நிக்குது?"
எப்பிடி முடிஞ்சதெண்டு தாய் வந்து கேக்கவேணும்.
கேட்டால் பேர் போயிடும்.
அதுமட்டும் தின்னாது, குடிக்காது,
ஒரு எண்ணோட நிக்கும்.

கோப்பையை மவுஸ் பாயில் வைத்தார். வட்டமாய் ஈரம்.
"எங்கட குடும்ப அட்டையில இன்னும் அஞ்சு பேர்.
மனிசி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா.
கச்சேரியில, கொழும்பில,
வெள்ளை வாகனத்தில வந்திறங்கின ஆக்களிட்ட.
பதில்தான்..."
வாசலில் ஓட்டோ ஹோர்ன்.
குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றை நான் அவருக்குச் சொல்லவில்லை.
செத்ததைக் கொல்ல ஏலாது,
ஒன்பதாம் சமிக்ஞையும் அதற்குக் கேட்காது.
பேரை எடுக்க மிஞ்சியிருக்கும் வழி
தாயை நிறுத்துவது.
பிறகு அநாதைகளை ஒன்று தத்தெடுக்கும்,
உடனே கேட்கும்,
அழித்துவிடும்.

கேற் பூட்டுகிற சத்தம் வரும்வரை
என்ரரில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நொடியில் அதே பெயரில் இன்னொரு தாய்,
வேறு எண்ணோடு.
மரத்தைத் திரும்பப் பார்த்தேன். சுத்தம்.
கூரைக்கு மேலே பிரின்ரர் இருமத் தொடங்கியது.
வரிசையில் முதலாவது:
ஒன்பது வயது, பெண், பிளேற்லெற் நாற்பத்தோராயிரம்.

யாரோ செருப்பில்லாமல்
படியேறி ஓடினார்கள், தாளை வாங்க.