கண்ணாடியில் ஒரு ஓட்டை

திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஆய்வுக்காரர் கேட்டார்:
"ஒடியாக்காரரா, அசாம்காரரா,
யார் கையில் காசு நிற்கிறது?"

குளச்சலில் பணம் அனுப்பும் கடை என்னுடையது.
கவுண்டர் கண்ணாடியில் ஒரு ஓட்டை.
அதன் வழியாகத் தெரிந்ததைச் சொன்னேன்.

கஞ்சம் பையன்கள் கூட்டமாக வருவார்கள்,
விசைப்படகு பங்கு பிரித்த மறுநாள்.
நோட்டில் சாளைச் செதில் ஒட்டியிருக்கும்.
ஆளுக்கு இருபதாயிரம்.
தடைக்காலத்தில் ரீசார்ஜுக்கும் கடன்தான்.

பார்பேட்டாக்காரர்கள் ஒவ்வொருவராக,
ஞாயிறு சாயங்காலம்,
ஹாலோபிளாக் கம்பெனியில் வெடித்த விரலோடு.
ரேகை பதியாது.
மூன்று முறை, நான்கு முறை.
ஈரத்துணி வைத்திருக்கிறேன் அதற்கென்றே.
வாரம் மூவாயிரம், தவறாது.

கூட்டினால் வருசத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.
ஆனால் பூர்ண பெஹெராவுக்கு ஊரில் அரை ஏக்கர் உண்டு.
இல்யாஸ் அலியின் நிலத்தை
ஆறு தின்றுவிட்டது, வீட்டோடு.
படிவத்தில் எங்கே எழுதுவது என்று
அவர் தேடினார்.
கட்டம் இல்லை.

"நீங்கள்?"
"உள்ளூர்தான்."

அந்நேரம் பார்த்து போன் சிணுங்கியது.
பஹ்ரைனிலிருந்து ததேயுஸ்:
பன்னிரண்டாயிரத்து நானூறு.
போன மாதம் பதினெட்டு வந்தது.
ஏனென்று கேட்டால் சொல்லமாட்டார்.
அறையில் உகாண்டாக்காரர் ஒருவர்,
செனகல்காரர் ஒருவர்,
ஒரே அடுப்பு, முறை வைத்துச் சமையல்,
அதை மட்டும் சொல்வார்.
அங்கேயும் ஒரு கவுண்டர் இருக்கும்.
யாரோ பேனாவோடு கேட்டுக்கொண்டிருப்பார்,
இந்த மூவரில் யார் தேவலை என்று.

வரிசையில் இல்யாஸ் அலி
விரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு நின்றார்.
ஆய்வுக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு
ஓட்டை வழியே
துணியை நீட்டினேன்.