ஜிஎஸ்எம் தராசு

கட்டரை வைத்துத் திருகினால்
துணியில் வட்டமாய் ஒரு ஓட்டை விழும்.
விழுந்த சில்லை நிறுப்போம்:
நூற்றி அறுபது, நூற்றி எண்பது.
புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் காட்டும் தராசு.
அதில் ஒரு ராத்திரி
துணியல்லாத ஒன்றை
நிறுத்துப் பார்த்தான் ஈஸ்வரமூர்த்தி.
சாம்பிள் ரூம் கதவைச் சாத்தியது நான்.
கம்பெனியில் பாதி என் பேரில்.
அதிலும் பாதி என் பேரில்தான்.

மூக்கில் ரத்தம் வந்தபோது
'பஞ்சுத் தூசி' என்றான் தேன்மொழியிடம்.
பனியன் ஊரில் யார் நம்பமாட்டார்கள்?
காங்கேயம் ரோட்டு மூக்கு டாக்டர்
இடது துளையில் டார்ச் அடிக்க
வலது துளையில் வெளிச்சம் வந்ததாம்.
சிரித்துக்கொண்டே சொன்னான்.
சில்லு எங்கே விழுந்ததென்று
இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.
மூன்று ராத்திரி தூங்காமல் ஒரு கன்டெய்னரை ஏற்றிவிட்டான்.
பையரிடம் ஸ்பானிஷ் பேசினான், தெரியாத ஸ்பானிஷ்.
அரை மணி நேரத்துக்கு ராஜா.
அப்புறம் இன்னொரு அரை மணிக்காக
பிச்சைக்காரன்.
சிசிடிவியில் தன் முதுகையே
திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து
'எவனோ பின்னாடி நிக்கறானாட்ட இருக்குது' என்பான்.

தை மாசப் பின்னிரவு, அவினாசி ரோடு.
இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு வந்தான்,
ஓடப் பார்க்கும் கடன்காரனைப் பிடித்த மாதிரி.
முப்பத்தாறு வயசு. சர்க்கரை இல்லை, பீடி இல்லை.
கோயமுத்தூர் எமர்ஜென்சியில்
ஈசிஜி தாள் வந்துகொண்டே இருந்தது
ஓவர்லாக் பிரிந்த தையலாய்.

டாக்டர் பெனாசிர் கேட்டார்:
'ஏதாவது எடுத்தாரா?'
'டீ குடிச்சானுங்க.'
'வேற?'
'வேற ஒண்ணுமில்லீங்.'
அவர் நகரவில்லை.
போலீஸ், மாமனார், பேங்க் லோன், மார்ச் மாத ஆர்டர்:
என் மண்டைக்குள் ஓடிய வரிசை இது.
அவன் ஐந்தாவதாய் வந்தான்.

'நெஞ்சுக்குப் போற ரத்தக்குழாய் இறுகிக் கெடக்குது.
எதனாலன்னு தெரியாம மருந்து போட்டா
சில மருந்து இன்னும் இறுக்கிரும்.
போலீஸ் கேக்கலைங்க.
நான் கேக்கறேன்.'

எங்களுக்குள் அதற்குப் பேர் 'சாம்பிள்'.
உண்மைப் பேரை அன்றைக்குத்தான்
வாய்விட்டுச் சொன்னேன்.
கொக்கெய்ன்.
பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி திரும்பிப் பார்த்தாள்,
ஏதோ மாத்திரை என்று நினைத்திருப்பாள்.
'எவ்வளவு?' என்றார் டாக்டர்.
புள்ளிக்குப் பின்னால்
இரண்டு இலக்கம் வரை
எனக்குத் தெரிந்திருந்தது.

பிழைத்துவிட்டான்.
எக்கோவில் இதயத்தின் கீழ் மூலை மட்டும் அசையவில்லை,
கரன்ட் போன தறி போல.
மாடி ஏறினால் நாலாம் படியில் நின்றுவிடுகிறான்.
மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி வைத்திருக்கிறாள் தேன்மொழி.

நேற்று போன் செய்தான்.
மழை, நூல் விலை, பையனின் பரீட்சை.
அப்புறம், போகிற போக்கில்:
'சாம்பிள் ரூம் சாவி யார்கிட்ட இருக்குது?'

என்னிடம் என்றேன்.
சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.
அவனும் வைக்கவில்லை,
நானும் வைக்கவில்லை போனை.