அரிசி வாளி

இரவு பத்தே முக்காலுக்கு அழைப்புமணி.
பீல் நகரத்தில் அந்த நேரத்தில்
பொலிஸ் வரும்,
இல்லையென்றால் யாரோ மாடி மாறி அழுத்தியிருப்பார்கள்.
கதவுத் துளையில்
தலை பெருத்து, உடல் சிறுத்து
மரியசீலன் நின்றார்.

ஒன்பது வருடம்.
எங்கள் சீட்டுக்காசு பதினோராயிரம் பிராங்க்
அவரோடு காணாமல் போய் ஒன்பது வருடம்.
மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
எள்ளிலும் சிறிய திருகாணிகளைச்
சாவணத்தால் பொறுக்கிப் பொறுக்கி
நான் சேர்த்த காசு.

"மனிசி மேட்டு ஆஸ்பத்திரியில, அக்கா.
சிறுநீரகம்.
கடைசி ரயிலும் போட்டுது."
சப்பாத்துக்குள் பனி போயிருந்தது.
இவருக்கு இரவு வேலை.
"ஆரம்மா?" என்றாள் நிரோமி, அறைக்குள்ளிருந்து.
என்ன சொல்வது?
விருந்து என்ற சொல்லுக்குப் புதிது என்று பொருளாம்.
இவர் புதிதல்ல.
பழைய கடன்.

சங்கிலியைக் கழற்றும் முன்
ஒன்று செய்தேன், மறைக்காமல் சொல்கிறேன்:
என் கைப்பையை அரிசி வாளிக்குள்
முழங்கை மறையப் புதைத்தேன்.
பிறகுதான் கதவு திறந்தது.

மத்தியானச் சோறு, பருப்பு.
மீன்துண்டு இரண்டு இருந்தது.
ஒன்றைச் சட்டியிலேயே விட்டேன்,
பிள்ளைக்கு நாளைக்கு என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு.
முட்டையில் மட்டும் கை சொல்வழி கேட்கவில்லை.
சின்ன வெங்காயம், பச்சைமிளகாய்,
ஓரம் மொறுமொறுக்கும்வரை பொறுமை.
வெறுத்தபடி பொரிப்பது எப்படியென்று
அதற்குத் தெரியாது.

மூன்றாம் கவளத்தில் அழுதார்.
"உறைப்போ?"
"இல்லை."
தண்ணீர் வைத்தேன்.
காசைப் பற்றி அவர் பேசவில்லை, நானும்தான்.
உப்புப் போத்தல்போல அது
மேசை நடுவில் இருந்தது.

நல்ல போர்வையை எடுத்து
திரும்ப அலுமாரியில் வைத்து
பழையதைக் கொடுத்தேன்.
பிறகு, ஏனோ,
ஹீட்டரை இரண்டிலிருந்து நாலுக்குத் திருகினேன்.

நித்திரை இல்லை.
அவர் இருமும்போதெல்லாம் எண்ணினேன்.
கல்லறையிலிருந்து எழுந்து வந்தவரையே
வழிப்போக்கன் என்று நினைத்தவர்களின் மதம் எங்களுடையது.
இருட்டுது, தங்கிப் போ என்று
அந்த இரண்டு பேரும் மறித்திராவிட்டால்
கடவுள் அந்தத் தெருவால்
நடந்தே போயிருப்பார்,
ஒருவருக்கும் தெரியாமல்.
சரிதான்.
ஆனால் அவர் அவர்களிடம்
சீட்டுப் பிடித்ததில்லையே.

விடியமுன் மேடேறிப் போய்விட்டார்.
போர்வை மடித்திருந்தது.
கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது.
அதைத் தூக்கிப் பார்த்தேன்.
குஷன்களின் கீழும் பார்த்தேன்.
கடிதவுறை எதுவும் இல்லை.
மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள்.
சட்டியில் மிஞ்சிய மீனை
நிரோமியும் தொடவில்லை,
நானும் தொடவில்லை.

ஞாயிறு தமிழ்த் திருப்பலி.
விருந்தோம்பல் பற்றி சுவாமி பேசினார்.
எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்.
காணிக்கைப் பை வந்தது.
கைப்பையைத் திறந்து உதறினேன்.
ஐந்து பிராங்கோடு
பத்துப் பன்னிரண்டு அரிசியும்
சிவப்பு வெல்வெட்டில் விழுந்தன.
பக்கத்தில் ரெஜினாள் அக்கா
குனிந்து பார்த்தார்.
எள்ளிலும் சிறியதைப் பொறுக்கும் கை இது.
நீட்டினேன்,
பிறகு மடியில் வைத்துக்கொண்டேன்.
பை அடுத்த வரிசைக்குப் போனது.