இரண்டும் வலது

ஆம்பூர் ஷூ கம்பெனியில்
தோல் வெட்டும் வரிசையில் மூன்றாவது மேசை என்னுடையது.
இடது ஒரு கட்டு, வலது ஒரு கட்டு,
ரப்பர் பேண்டு போட்டு எண்ணிக் கொடுத்தால்
ஐந்தே முக்கால் பஸ்.

விருதம்பட்டு வீட்டில், இரும்பு பீரோவில்,
சுகந்தியின் பட்டுப்புடவைக்கு மேல்தட்டில்
நான்கு பேர் நிற்கிறார்கள்.
ஒவ்வொருவனும் பன்னிரண்டு அங்குலம்.
கடலில் முங்குகிறவன்,
பாலையில் ஒட்டகத்தைத் தொலைத்தவன்,
பாராசூட் போய் அதன் கயிறு மட்டும் மிஞ்சியவன்,
மலையேறுகிறவன்.

இந்த வியாபாரத்தில் மனுஷன் மலிவு.
ஆள் எண்ணூறு என்றால்
அவன் தலைக்கவசம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
கண்ணாடியில் விரிசல் இல்லையென்றால் அதற்குத் தனி விலை.
லாங் பஜார் பின்சந்தில் கடை வைத்திருக்கும் வகாப் பாய் சொல்வார்:
"கை எல்லாருக்கும் கீது தம்பி.
கையில இன்னா வெச்சிருக்கான், அதான் கேப்பாங்க."

முங்குகிறவன் கிடைத்தது ஓர் ஏப்ரலில்.
பாகாயத்தில் வீட்டைக் காலி செய்து ஊர் திரும்பிய
வெளிநாட்டு டாக்டரின் டிரங்குப் பெட்டியில் கிடந்தான்.
உள்ளங்காலில் பேனாவால் ஒரு பிள்ளையின் பெயர்,
பாதி அழிந்து.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றபோது
பையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் பிடித்துக் காட்டினேன்.
கீழே மணல், சீமைக்கருவேலம், கிரிக்கெட்.
பரவாயில்லை,
அவனிடமும் மூச்சுக்குழாய் இல்லை.

மலையேறுகிறவனுக்கு எல்லாம் இருந்தது,
கயிறு, பனிக்கோடாலி, முதுகுப்பை,
பைக்குள் படுக்கை, படுக்கைக்கு வார்.
இடது பூட்ஸ் மட்டும் இல்லை.
தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமான், பழுப்பு ரப்பர், ஆறு கண்ணி.
"நீயே தெச்சிக்கயேன்,
துண்டுத்தோலுதான் அங்க குப்பையா கொட்டிக் கெடக்குதே" என்றாள் சுகந்தி.
நியாயம்தான்.
தைத்தால் அழகாகவே வரும்.
அழகு வேறு, அது வேறு.

அது காட்பாடி எட்வினிடம் இருந்தது.
ரயில்வேயில் சிக்னல் வேலை, பஸ்ஸில் போனால் பத்து நிமிஷம்.
எட்வின் தேடிய திசைகாட்டி என்னிடம்:
உடைத்த கடலை அளவு, நகராத முள்,
எந்தப் பக்கம் வைத்தாலும் அந்தப் பக்கம் வடக்கு.
மூன்று வருஷம்.
தீபாவளிக்கு அவர் வாழ்த்து அனுப்புவார்,
கிறிஸ்துமசுக்கு நான்.
இரண்டிலும் கடைசி வரி ஒன்றே:
யோசித்தீர்களா?

போன மே மாதம் யோசித்து முடித்தோம்.
முதல் பிளாட்பாரம், அனல் இறங்காத இரவு.
மருந்துக் குப்பியில் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.
நான் பொன் மூக்குத்தி டப்பாவில்.
டீ காசை அவர்தான் கொடுத்தார்.
பக்கத்து பெஞ்சில் ஸ்கேன் கவரோடு காத்திருந்த
அஸ்ஸாம்காரக் குடும்பம்
எங்களை என்ன நினைத்ததோ.

வீட்டுக்கு வந்து மாட்டினேன்.
ஏறவில்லை.
பவுடர் போட்டேன், வெந்நீரில் காட்டினேன்,
விளக்கடியில் வைத்துத் திரும்பவும் பார்த்தேன்.
வலது.

அவர் அனுப்பிய படம் முன்கேமராவில் எடுத்தது.
கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிக் காட்டியிருக்கிறது.
பத்தொன்பது வருஷமாக
இடது வலது வெட்டுகிறவன் நான்,
எந்தக் கால் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொன்னதும் எட்வினுக்குக் குரல் சிறுத்துப்போனது.
"காலையில காம்பஸ கொண்டாந்து குடுத்துடறேன் சார்."
"எப்படி இருக்கு அது?" என்றேன்.
கொஞ்சம் பொறுத்து,
"வடக்கு காட்டுது" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.
பிறகு போனை யாரும் வைக்கவில்லை.
அவர் பக்கம் ஒரு சரக்கு ரயில்
முழுசாகப் போய் முடிந்தது.

ராத்திரியே மாட்டிவிட்டேன்,
இடது காலில் வலதை, வம்பாக.
நுனி கோணி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது,
தட்டின் விளிம்பைப் பார்த்து.

"இவன் இன்னா,
கெளம்பறவன் மாதிரியே நிக்கிறான்" என்றாள் சுகந்தி,
கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவள்.