உடைசல் கணக்கு

திங்கட்கிழமை பதினொன்று.
புதன் பதினான்கு.
வெள்ளியன்று மழை, பள்ளம் தெரியவில்லை,
இருபத்திரண்டு.

எல் ஆல்ட்டோவின் மேட்டிலிருந்து
லா பாஸின் குழிக்கு
தினமும் நாற்பது தட்டு முட்டை இறக்குகிறேன்.
வளைவு முடிந்த பிறகும்
வண்டியின் பின்பாதி தலையாட்டிக்கொண்டே வரும்,
கடன் கேட்கப்போன இடத்தில்
கேட்காததற்கும் ஆமாம் போடுகிறவனைப் போல.

முட்டையிட்ட கோழிக்குத்தான் வலி தெரியுமாம்.
என் கொரோலாவைக் கேட்டுப் பாருங்கள்.

எதிர்வீட்டு நிக்கோலசா மினிபஸ் ஓட்டுகிறவள்.
டிக்கி மூலையில் இரண்டு கையையும் ஊன்றி
ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு எண்ணினாள்:
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
"ஒன்றரையில் நிற்கணும். இது ஊஞ்சல்."
குனிந்து பார்த்தோம்.
இரண்டு ஷாக் அப்சார்பரும் எண்ணெய் கசிந்து
புழுதி அப்பிக் கிடந்தன.
டயரை வருடினாள்: மேடும் பள்ளமுமாய்த் தேய்மானம்.
"ரோட்டை மனப்பாடம் பண்ணியிருக்கு."

கடையில் புதுசு, ஜோடி தொள்ளாயிரம் பொலிவியானோ.
மாட்டுகிற கூலி தனி.
அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்து
விலையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வியாழச் சந்தையில்
கழற்றிப் போட்ட வண்டிகள் தெரு நெடுக.
கதவுகள் ஒரு குடும்பத்துக்கு,
விளக்குகள் இன்னொன்றுக்கு.
ஃபோர்த்துனாத்தோ தார்ப்பாயில்
ஷாக்குகளைக் காலெலும்பு போல அடுக்கியிருந்தார்.
"முன்பக்கம் இடித்த வண்டி, சீமாட்டி.
பின்பக்கத்துக்கு இன்னும் சேதியே போகவில்லை."
நிக்கோலசா சிரிக்கவில்லை.
ஒவ்வொன்றாகத் தரையில் நிறுத்தி
உடல்பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினாள்.
ஒன்று உள்ளேயே சுருண்டுவிட்டது.
ஒன்று பாதியில் விக்கியது.
இரண்டு மட்டும்
நிதானமாக, ஒரே மூச்சில், மேலே வந்தன.

முந்நூற்றைம்பது என்று ஆரம்பித்து
இருநூற்று நாற்பதும் ஒரு தட்டு முட்டையுமாகப் படிந்தது.
"ரப்பர் புஷ் மட்டும் புதுசு வாங்கு,
அதிலே பிசுநாறித்தனம் வேண்டாம்."
அது நாற்பது.
உடைசலில் கணக்குப் பார்த்தால்
மூன்று வாரம்கூட ஆகாது.

ஞாயிறு.
முன் சக்கரங்களுக்குக் கல்,
அச்சுக்கடியில் இன்னொரு ஜாக்கி, தொங்கிவிடாதிருக்க.
இரவெல்லாம் டீசலில் ஊறியும்
கீழ் நட்டு அசையவில்லை.
ஸ்பானரை நீட்ட ஒரு குழாய் தேவைப்பட்டது.
கட்டிலுக்கு நாலு கால் இருந்தது.
செனோன் அதில் தூங்கிக்கொண்டும் இருந்தான்.

இந்த உயரத்தில் இலவசமாய்க் கிடைக்காதது மூச்சு ஒன்றுதான்.
ஒரு இழுப்பு இழுப்போம்,
சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து வாயைப் பிளப்போம்.
வலப்பக்க போல்ட் ஒடிந்தது.
பாட்டு, வசவு, இரும்புரம்பம், மதியம் இரண்டு மணி.

மாட்டியதும் நான் முறுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.
"இறக்கு முதலில். பாரம் உட்காரட்டும்.
தொங்குகிறபோது முறுக்கினால்
நிற்கிறபோதெல்லாம் புஷ் முறுகியே கிடக்கும்."

கூலி என்று எதுவும் வாங்கவில்லை,
அவள் மினிபஸ்ஸுக்கு நான் ஒரு ஞாயிறு கடன்.

திங்கள்.
அதே வளைவுகள், அதே பள்ளம்.
பின்பாதி ஒருதரம் குனிந்தது, நிமிர்ந்தது, அவ்வளவுதான்.
இடப்பக்கம் மட்டும் 'டொக்' என்கிறது எங்கோ.
இருக்கட்டும்.
சந்தையில் தட்டுகளை இறக்கி
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
நோட்டில் உடைசல் என்ற இடத்தில் போட்டது:
முட்டை.

ராத்திரி வில்மெர்
தட்டைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டான்.
இரண்டு வருஷமாக அவனுக்கு
ஓடு பொறுக்கிய ஆம்லெட்தான் சாப்பாடு.
வட்டச்சட்டி காய்கிறது.
விற்கிற தட்டிலிருந்து ஒன்றை எடுத்து
கிண்ணத்தின் விளிம்பில் தட்டினேன்.
விரிசல்கூட விழவில்லை.
பையன் பார்க்கிறான்.
இன்னொரு தட்டு,
கொஞ்சம் பலமாக.