முன்னும் பின்னும்

ஜூலை. தாபா-ட்செகாவில் பனி
கூரைத் தகரத்தைப் பிடித்துத் தொங்குகிறது.
பிள்ளைகளுக்கு விடுமுறை, எங்களுக்குப் பயிற்சி.
மூன்று நாள், இருபத்தாறு ஆசிரியர்கள்,
ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு.
அதன் பக்கத்து நாற்காலிகளுக்கான போட்டி
நான் வருமுன்பே முடிந்திருந்தது.
எனக்குக் கதவோரம்.

நான் உயிரியல் படித்தவள்.
தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
இயற்பியல் ஆசிரியர் எல்லை தாண்டிச் சுரங்கத்துக்குப் போனதும்
தலைமையாசிரியர் அவருடைய புத்தகத்தை என் மேசையில் வைத்து
"ஒரு பருவத்துக்கு மட்டும்" என்றார்.
பதினோரு ஆண்டுகளாக அந்தப் பருவம் நடக்கிறது.

மின்சுற்றை வரைந்துதான் நடத்தினேன்.
சாக்பீஸில் பேட்டரி, சாக்பீஸில் கம்பி,
சாக்பீஸில் எரியும் பல்பு.
சுற்றி நாலு கோடு கிழித்தால் வெளிச்சம்.
எங்கள் பள்ளிக்கு மின்கம்பம் வந்தது போன ஆண்டு.
கம்பி இன்னும் வரவில்லை.

இரண்டாம் நாள் மதியம்
மாசெருவிலிருந்து வந்த ஹ்லோம்போ
மேசைக்கொரு பெட்டி வைத்தார்.
உரை எதுவும் இல்லை, ஒரு கேள்விதான்:
"பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஒன்று.
எது அதிகம் காட்டும்?
எழுதிவிட்டு இணையுங்கள்."

தயங்காமல் எழுதினேன்: முன்னால் இருப்பது.
எரிகிற பல்பு கொஞ்சம் தின்னாதா?
கணக்கு டீச்சர் ரெலெபோஹிலே
என் தாளை எட்டிப் பார்த்து அதையே எழுதினாள்.

கம்பியை முறுக்கினோம். எரியவில்லை.
திருகினோம், தட்டினோம்.
அவள் தன் போர்வை ஊசியைக் கழற்றி
பேட்டரி முனையின் துருவைச் சுரண்டினாள்.
பட்டென்று,
இல்லை, பட்டென்று ஒன்றும் இல்லை,
மெல்ல, ஒரு சோளமணி அளவுக்கு மஞ்சள்.
அவள் போட்ட கூச்சலில்
கணப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகுதான் முள்களைப் பார்த்தேன்.
முன்னால்: புள்ளி இரண்டு நான்கு.
பின்னால்: புள்ளி இரண்டு நான்கு.

இடம் மாற்றினேன்.
அடுத்த மேசையில் கடன் வாங்கி மாட்டினேன்.
முள்ளுக்கு என் பதினோரு ஆண்டு தெரியவில்லை.

மொஹாபி என்று ஒருவன்.
பத்தாம் வகுப்பு, கடைசி வரிசை,
ஆடுகளை விட்டுவிட்டுத் திங்கட்கிழமைகளில் தாமதமாக வருவான்.
தேர்வில் எழுதியிருந்தான்:
"போனது அத்தனையும் திரும்பி வரும்.
மந்தை மேடேறிக் கடப்பதுபோல.
ஆடுகள் களைத்திருக்கும்,
எண்ணிக்கை குறையாது."
சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.
பக்கத்தில், நன்றாக நினைவிருக்கிறது,
"கதை எழுதாதே."

இரண்டு மதிப்பெண் கேள்வி அது.
அவன் தோற்றது மூன்றில்.
கணக்கு நேராக முடிந்திருந்தால்
முழுப் பழியையும் எடுத்துக்கொண்டிருப்பேன்.
இந்த ஒன்று
எடுக்கவும் விடவில்லை, வைக்கவும் விடவில்லை.

தேநீர் வேளையில் ஹ்லோம்போவிடம் சொன்னேன்.
தேற்றுவார் என்று நினைத்தேன்.
ரொட்டியை மென்றுகொண்டே அவர்,
"ஆறு ஆண்டு நானும் அப்படித்தான் நடத்தினேன்.
என்னிடம் படித்த ஒருவர்
இதே அறையில் உட்கார்ந்திருக்கிறார்.
இன்னும் சொல்லவில்லை" என்றார்.
அன்று மாலை முழுக்க
எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சான்றிதழ்.
ந்தாபெலெங்கில் ஓர் எழுத்தைக் காணோம்.
கையெழுத்துப் போட்டு வாங்கியவை:
இரண்டு பல்பு, நாலு கம்பி, ஒரே ஓர் அம்மீட்டர்.
ஒன்று போதும், மாற்றி மாற்றி வைக்கலாம்.
ரெலெபோஹிலே என் உள்ளங்கையில் தன் எண்ணை எழுதினாள்.
"எரியாவிட்டால் கூப்பிடு.
எரிந்தாலும்."

கணவாயில் வண்டி நின்றுவிட்டது.
ஓட்டுநர் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டும்வரை
மடியில் பெட்டி.
மொஹாபி மபுட்சோவில் காற்சட்டைத் தொழிற்சாலையில் இருக்கிறானாம்.
தைக்கிறானா, இயந்திரம் பழுது பார்க்கிறானா,
சொன்னவருக்குத் தெரியவில்லை.

பள்ளி திறந்ததும் முதல் வகுப்பில்
அவன் எழுதியதைப் பலகையில் எழுதப்போகிறேன்,
அவன் பெயரோடு.
சரியா தவறா என்று கேட்பேன்,
பெட்டியைத் திறப்பதற்கு முன்னால்.