இரண்டுக்கு ஒன்று

உளி தொட்டதும் பழைய பட்டை
புண்ணின் பொருக்குபோலக் கழன்று வந்தது.
யாரோ அவசரத்தில்
ஈரப் பலகைமேல் பூசிப்போன பாலியெஸ்டர்.
ஆணி இருந்த இடங்களில்
ஆணியின் நிறம் மட்டும்.

"நாலு புது ஆணி அடிச்சா போதும்,
ஆடி முடியக்குள்ள எறங்கணும்" என்றான் ததேயு.
வள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு.
மீதி இரண்டு
காகிதத்தில் எங்களுக்கு,
உள்ளபடி சங்கத்துக் கடனுக்கு.

குறும்பனையில் அன்று காலை சாரல் விட்டிருந்தது.
அலோசியஸ் பிளைவுட்டைச் சரித்து இழைத்தான்.
பன்னிரண்டு மில்லி கனத்துக்கு
தொண்ணூற்றாறு மில்லி சரிவு.
இழைப்புளி ஓட ஓட
அடுக்குகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன,
கறுப்பு, வெளுப்பு, கறுப்பு,
கோடு போட்ட நோட்டுபோல.
கோடு நெளிந்தால் கை நெளிந்திருக்கிறது.
மூன்றாவது கோடு கொஞ்சம் நெளிந்தது.
என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.
மறுபடி இழைத்தான்.

கலக்குவது என் வேலை.
பன்னிரண்டு வருசம் கருங்கல் மெடிக்கலில்
மாத்திரை எண்ணிக் கொடுத்த கை.
தராசில் பிசின் இருநூறு கிராம்,
ஹார்டனர் நூறு.
"ரெண்டு சொட்டு கூட விட்டா
சீக்கிரம் இறுகாதா?" ததேயு கேட்டான்.
காய்ச்சல் சீக்கிரம் போக
ஆறு மாத்திரை ஒன்றாய் விழுங்கியவனை
எனக்குத் தெரியும் என்றேன்.

ஆனாலும் தவறு என்னுடையதுதான்.
அளவு சரி. பாத்திரம் தவறு.
ஆழமான டம்ளரில் விட்டுவிட்டு
கண்ணாடி நார்த் துணியை வெட்டப் போனேன்.
திரும்பி எடுத்தால் விரல் சுட்டது.
மஞ்சள் புகை,
டம்ளரின் இடுப்பு மெல்ல ஒடுங்கிச் சரிந்தது.
அலோசியஸ் எட்டி உதைக்க
மணலில் உருண்டு அங்கேயே கல்லாயிற்று.
முந்நூறு ரூபாய்க் கல்.
ஒரு நாய் மோந்துவிட்டு, வேண்டாமென்று போனது.

அடுத்த கலவை அகலத் தட்டில்.
அங்கே சூடு பரந்து ஆறிவிடும்.
முதலில் வெறும் பிசின்,
சரிவின் இரு முகத்திலும்.
பலகை குடித்தது, இன்னும் கேட்டது, கொடுத்தேன்.
இப்போது தாகம் தீராத மரம்
பிறகு பசையைக் குடித்துவிடும்,
நடுவில் மூட்டு பட்டினி கிடக்கும்.
அப்புறம்தான் சலித்த மரத்தூள்,
மசித்த மரச்சீனிக் கிழங்கின் பதம் வரும்வரை.

அலோசியஸ் கிளாம்பை முறுக்கினான்.
"போதும்."
இன்னும் அரைச் சுற்று.
"போதும்னா போதும். எல்லாம் பிதுங்கி வெளிய போனா
உள்ள என்ன இருக்கும்?"
விளிம்பில் ஒரு மயிர்க்கோடு பசை
நீளமாய் எட்டிப்பார்த்தது. அது போதும்.

ததேயு சும்மா நிற்கவில்லை.
காலாவதியான தன் ஏடிஎம் அட்டையின் மூலையை
கத்திரியால் வளைவாக வெட்டித் தந்தான்.
அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் உள்மூலையில்
அதை வைத்து ஒரே இழுப்பு,
பசை குழிவாய்ப் படிந்தது.
"பணம் எடுக்க ஒதவாதது இதுக்காவது ஒதவட்டும்."
அது ஈரமாயிருக்கும்போதே
அதன்மேல் நார்ப்பட்டை, அதன்மேல் பிசின்.
வெள்ளைத் துணி கண்ணெதிரே
தண்ணீராய்த் தெளிந்து
மரத்தின் ரேகையைக் காட்டியது.

சாயங்காலம் கோயில் மைக்கில்
காற்று எச்சரிக்கை.
யாரும் இறங்க வேண்டாம், மூன்று நாளைக்கு.
நாங்கள் படுதாவை இழுத்துக் கட்டினோம்,
உள்ளே நூறு வாட்ஸ் பல்பு.

விடிந்ததும் மூட்டின்மேல் மெழுகு வியர்வை.
"போச்சு" என்றான் ததேயு.
போகவில்லை, ஈரக்காற்றில் அப்படித்தான்.
தண்ணீரும் நார்த்தேய்ப்பானும் எடுத்துக் கழுவினேன்.
அடியில் நகம் இறங்கவில்லை.

மிச்சப் பசையில் ஒட்டிய துண்டுப்பலகை ஒன்று இருந்தது.
இரண்டு கல்லின் குறுக்கே வைத்து
ததேயு ஏறிக் குதித்தான்.
முதல் முறை அவன்தான் விழுந்தான்.
மூன்றாம் முறை சடாரென்று முறிந்தது,
ஒட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி,
பச்சைப் பலகையில்.

முறிந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கைலி மடிப்பில் செருகிக்கொண்டான்.
பிறகு வள்ளத்தின் மறுபக்கம் போய்
விரல் மடக்கித் தட்டிக்கொண்டே நடந்தான்,
ஒரு இடத்தில் ஓசை மாறியது,
நின்றான்.

"இந்த மூட்டையும் பிரிச்சா
எத்தன நாளு ஆவும்?"

அலோசியஸ் உளியைத் தேடினான்.
நான் பிசின் கேனைத் தூக்கிப் பார்த்தேன்.
அந்த டம்ளர் அளவுக்குத்தான்
குறையும் போலிருக்கிறது.